மாதந்தோறும் திரும்பி வருகிறவர்கள்

*நாஞ்சில் நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் மனநோய்க்குச் சிகிச்சை செய்யும் இளம் வைத்தியர்களுக்குத் தம் உத்தியோகத்தில் திருப்தி உண்டா? அது எதனால் உண்டாகிறது, எதனால் கெடுகிறது?*

1922-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தின்மீது ஏற முயன்று, உச்சியை எட்டாமல் திரும்பிய ஆங்கிலேயக் குழுவில் ஹோவர்ட் சோமர்வெல் என்னும் அறுவை வைத்தியர் ஒருவர் இருந்தார். ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாமென்று தெற்கே வந்தவர், அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நெய்யூரில், லண்டன் மிஷன் சங்கத்தார் 1838-ஆம் ஆண்டிலேயே வைத்தியப் பணியைத் தொடங்கிய ஆஸ்பத்திரியின் வாசலில் காத்து நின்ற ஜனத்திரளையும், அத்தனை பேருக்கும் ஈடுகொடுக்க இயலாமல் திணறிய ஒற்றை அறுவை வைத்தியரையும் கண்டார். லண்டனில் பெயர்பெற்ற ஆஸ்பத்திரி ஒன்றில் தமக்குக் காத்திருந்த பதவியை வேண்டாமென்று உதறிவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கத்தியும் கையுமாக உழைத்தார்.

இந்தச் சரித்திரத்தைக் குமரி மாவட்டத்தார் தியாகத்துக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். தியாகம் என்பது உண்மையே; ஆயினும் ஒரு மனிதர் பெரிய பதவியைத் துறந்து சிறிய ஊரில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழிப்பதற்குத் தியாகம் ஒன்றே காரணமாக இருக்க முடியாது. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தவன், பத்துப் பதினைந்து நாளில் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போவதைப் பார்க்கிற வைத்தியருக்கு, அந்தக் காட்சியே பாதிச் சம்பளம். தம் கைவேலையின் பலனைத் தம் கண்ணாலேயே காண்கிற பாக்கியம் அறுவை வைத்தியருக்கு உண்டு.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், தக்கலையில் இருக்கும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும், மனநலப் பிரிவில் இன்று உட்கார்ந்திருக்கும் இளம் வைத்தியரின் வாசலிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் பலன் காணும் விதம் வேறு. நாஞ்சில் நாட்டு உழவனின் பாஷையில் சொல்வதானால், அறுவை வைத்தியம் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் நெற்பருவச் சாகுபடி போன்றது; நட்டவன் அதே பருவத்தில் அறுத்துக் களம் சேர்த்துவிடுவான். மனநல வைத்தியமோ தென்னம்பிள்ளை வைப்பதைப் போன்றது. வைத்தவன் ஏழெட்டு வருஷம் அந்த மண்ணிலேயே இருந்து தண்ணீர் ஊற்றினால்தான் காய் காண்பான். வைத்தவனை வருஷத்துக்கு ஒரு தரம் வேறு தோப்புக்கு அனுப்பிவிட்டு, அவனுக்கு விவசாயத்தில் ஊக்கம் போதவில்லை என்று குறைகூறுவது எவ்வளவு நியாயமோ, அவ்வளவு நியாயமாகத்தான் இளம் மனநல வைத்தியர்களின் சலிப்பைப் பற்றி நாம் இதுவரை பேசி வந்திருக்கிறோம்.

திருப்தியும் அதிருப்தியும்

உத்தியோகத்தில் மனிதனுக்குக் கிடைக்கும் திருப்தியைப் பற்றி மேனாட்டார் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுள் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தைச் சுற்றியிருந்த ஏறத்தாழ இருநூறு இன்ஜினீயர்களையும் கணக்கர்களையும் கண்டு, வேலையில் அவர்கள் மிகவும் மகிழ்ந்திருந்த வேளை எது, மிகவும் வெறுத்திருந்த வேளை எது என்று விசாரித்து, 1959-ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். சம்பளம், மேலதிகாரியின் போக்கு, வேலையிடத்து வசதி, நிர்வாகத்தின் விதிகள் ஆகியவை சீர்கெட்டால் அதிருப்தி பிறக்கிறது. ஆனால் அவை சீராக இருப்பதனாலேயே திருப்தி பிறந்துவிடுவதில்லை. அது செய்கிற வேலையிலிருந்தும், அதில் ஒன்றைச் சாதித்தோம் என்ற உணர்விலிருந்தும், பொறுப்பிலிருந்தும், தாம் வளர்கிறோம் என்ற எண்ணத்திலிருந்துமே பிறக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அவர் விசாரித்த முறையில் குறை கண்டவர்கள் பின்னாளில் பலர் தோன்றினார்கள் என்றாலும், திருப்தியும் அதிருப்தியும் ஒரே கோலின் இரு முனைகள் அல்ல என்னும் அந்த அபிப்பிராயம் மட்டும் நிலைத்துவிட்டது.

மனநல வைத்தியத்தில் இந்த இரண்டும் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. இந்தத் தொழிலில் திருப்தி தருவது ஒன்றே ஒன்று: ஒரே நோயாளியை மாதந்தோறும், வருஷக்கணக்காகக் கண்டு, அவர் தேறி வருவதைத் தெரிந்துகொள்வது. அதிருப்தி தருகிற கூட்ட நெரிசல், அடிக்கடி நேரும் இடமாற்றம், துணைப் பணியாளரின் பற்றாக்குறை ஆகிய யாவும், தற்செயலாக அல்ல, நேராக அந்தத் தொடர்ச்சியையே வெட்டுகின்றன.

ஊளம்பாறையிலிருந்து ஆசாரிபள்ளம் வரை

1956 நவம்பர் 1 வரையில், இன்று குமரி மாவட்டமாக இருக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் மலையாள ராஜ்யத்தோடு சேர்ந்திருந்தன. சித்தம் பேதலித்தவரைக் குடும்பத்தாரால் வைத்துச் சமாளிக்க முடியாதபோது, திருவனந்தபுரத்து ஊளம்பாறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். தாய்த் தமிழகத்தோடு இணைந்த பிறகு, அரசாங்கத்தின் மனநோய் ஆஸ்பத்திரி என்பது ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையிலுள்ள கீழ்ப்பாக்கம் ஆயிற்று. மதராஸில் வாலண்டைன் கொனோலி என்பவர் 1794-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய காப்பகத்தின் வழிவந்து, 1871-ஆம் ஆண்டு முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கி வருவது அது. அந்த ஊரின் பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்ட அளவுக்கு, அதன் மதில்களுக்கும் சமுதாயத்துக்கும் இடையே தூரம் இருந்தது.

அத்தூரத்தைக் குறைத்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல வைத்தியர் என்று போற்றப்படும் இவர், 1961-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று 1978 வரை வகித்தார். 1950-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து வைத்தியர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தின் குணத்தைக் கண்டறிந்திருந்தார்கள். மதிலுக்குள் ஆயுள் முழுவதும் அடைபட வேண்டியவர் என்று கருதப்பட்டவர், மருந்தோடு வீட்டுக்குத் திரும்பலாம் என்ற நிலை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகிறவருக்கு ஒரு கைத்தொழிலும், ஏற்றுக்கொள்ளக் குடும்பமும், தொடர்ந்து மருந்து கொடுக்க அருகிலேயே ஓர் ஆஸ்பத்திரியும் வேண்டுமென்பதை அம்மையார் உணர்ந்திருந்தார். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுகள் ஏற்படுவதற்கு அவருடைய முயற்சியும் ஒரு காரணம். ஓய்வு பெற்ற பின்பு 1984-ஆம் ஆண்டில் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகி, 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், தமது தொண்ணூற்றெட்டாம் பிராயத்தில் மறைந்தார்.

தேசிய மனநலத் திட்டம் 1982-ஆம் ஆண்டிலும், கர்நாடகத்துப் பெல்லாரியில் செய்து பார்த்த சோதனையின் பயனாக மாவட்ட மனநலத் திட்டம் 1996-ஆம் ஆண்டிலும் வந்தன. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி, இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். ஆசாரிபள்ளத்தில், முன்பு காசநோயாளிகளை ஊருக்குப் புறம்பாக வைத்துப் பராமரித்த வளாகத்தில், அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பிறகு 2017-ஆம் ஆண்டில் நிறைவேறிய மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளிக்குச் சிகிச்சை பெறுவதைச் சட்டப்படியான உரிமையாக்கி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பழங்கதையால் இளம் வைத்தியரின் நிலையும் விளங்குகிறது. பழைய காப்பகம் நோயாளிக்குச் சிறைவாசமாக இருந்தது. ஆனால் வைத்தியருக்கு அங்கே மூத்தவர்களும் சகாக்களும் ஒரு நூலகமும் மாலை நேரத்துச் சம்பாஷணையும் இருந்தன. நோயாளியை மதிலுக்கு வெளியே கொண்டுவந்தது மகத்தான காரியம். அதே காரியத்தின் பக்கவிளைவாக வைத்தியர் தனிமைப்பட்டார். தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றில் குறித்த கிழமையில் போய் அமரும் மாவட்டத் திட்ட வைத்தியருக்கு, அந்தக் கட்டடத்திலேயே மனநோயைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் தம்மையன்றி வேறொருவர் இல்லாத நாட்களே அதிகம்.

காலை நேரத்துக் கூட்டம்

மனநலப் பிரிவென்றால் வெறிகொண்டவர்கள் வருமிடம் என்று எண்ணுகிறவர்கள், ஏதேனும் ஒரு காலைவேளையில் அந்த வராந்தாவின் பெஞ்சில் சற்றே உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலைவலிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்து ஒன்றுமில்லையென்று பொது மருத்துவப் பிரிவிலிருந்து அனுப்பப்பட்டவர். குடியை நிறுத்திய மூன்றாம் நாளில் கை நடுங்கி, இல்லாத பூச்சிகளைச் சுவரில் காண்கிற கணவரைத் தாங்கி அழைத்து வந்த மனைவி. பரீட்சைக்கு முந்திய மாதத்தில் ‘வெப்ராளம்’ தாங்காமல் படிப்பு ஓடவில்லை என்கிற பெண். பிள்ளைகளெல்லாம் வளைகுடா நாடுகளில் இருக்க, அடுப்பை அணைத்தோமா என்பதை மறந்துபோகிற மூதாட்டி. மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் நாற்பது சதவீதம் போட்டுத் தரவேண்டுமென்று மன்றாடுகிற தகப்பனார். இவர்களுக்கிடையே, எவரோடும் பேசாமல் தரையையே பார்த்துக்கொண்டிருக்கும், பத்தொன்பது இருபது வயதுப் பையன் ஒருவன். அந்தக் கடைசிப் பையனுக்குத்தான் வைத்தியரின் நேரம் அதிகமாகத் தேவை. தனக்கு இன்னது வேண்டுமென்று கேட்கத் தெரியாதவனும் அவனே.

2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் ஜனத்தொகை 18,70,374. எழுத்தறிவு ஏறத்தாழ 92 சதவீதம், தமிழகத்திலேயே முதலிடம். லட்சம் பேருக்கு மூன்று மனநல வைத்தியராவது வேண்டுமென்பது துறையறிந்தவர்கள் சொல்லும் அளவு. இந்தியாவின் சராசரியோ லட்சத்துக்கு 0.75 என்று 2019-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியாயிற்று. அந்தச் சராசரியை இம்மாவட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தால் பதினான்கு பேர். வேண்டுவதோ ஐம்பத்தாறு பேர். காலையில் நான்கு மணி நேரத்துக்குள் ஒரு வைத்தியர் எண்பது பேரைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், தலைக்கு மூன்று நிமிஷம். மூன்று நிமிஷத்தில் ரத்த அழுத்தம் பார்க்கலாம். பழைய சீட்டில் எழுதியிருக்கும் மாத்திரையையே திரும்ப எழுதலாம். ஒரு மனிதரின் மௌனத்துக்குக் காரணம் அறிய முடியாது. நோயாளிக்கு மனம் குறைவதற்கு முன்பாகவே, படித்த படிப்புக்கும் செய்கிற காரியத்துக்கும் நடுவே உள்ள இந்த வித்தியாசத்தைக் கண்டு வைத்தியருக்கு மனம் குறைந்துவிடுகிறது.

குறைகளின் கணக்கு

இளம் வைத்தியர்களோடு ஆறஅமரப் பேசினால், அவர்கள் அடுக்கும் குறைகளில் சம்பளத்துக்கு முதலிடம் கிடைப்பதில்லை. ஆரம்பக் குறை படிப்பிலேயே தொடங்குகிறது. எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பில் மனநோய் இயலுக்குத் தனிப் பரீட்சை இல்லை; பொது மருத்துவத்தின் ஒரு கிளையாகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. பயிற்சி வைத்தியர் ஆண்டில் இரண்டு வாரம் மனநலப் பிரிவில் இருந்துவிட்டுப் போகலாம். மேற்படிப்புக்கு இடம் தேரும் நாளில், எக்ஸ்ரே துறையும் தோல் துறையும் முந்திப் போய்விட, மனநோய் இயலை எடுத்தவரிடம், “வேறே ஒண்ணும் கிட்டலியா மக்களே?” என்று சொந்த அத்தையே துக்கம் விசாரிப்பதும், வரன் பார்க்கிற இடத்தில் ‘பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டர்’ என்று ஒரு நமட்டுச் சிரிப்போடு அறிமுகம் நடப்பதும் இன்றும் உண்டு. நோயாளியின்மேல் சமுதாயம் பூசுகிற கறையில் ஒரு சொட்டு வைத்தியரின் வெள்ளைக் கோட்டிலும் விழுகிறது.

இரண்டாவது, வேலை நேரம். 1992-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த விதி, பயிற்சியிலுள்ள வைத்தியருக்கு வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாதென்கிறது; அது காகிதத்திலேயே தங்கிவிட்டது என்பதற்கு, தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ஆம் ஆண்டில் வாரத்துக்கு எழுபத்துநான்கு மணி நேரத்தை உச்சவரம்பாகச் சிபாரிசு செய்ததே சாட்சி. அதே பணிக்குழு விசாரித்த முதுநிலை மாணவர்கள் 5,337 பேரில் 15.3 சதவீதத்தினர், தமக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக வைத்தியரால் சொல்லப்பட்டதைத் தாமே தெரிவித்திருக்கிறார்கள். எல்லாத் துறை மாணவர்களையும் உள்ளடக்கிய இத்தொகை, வைத்தியர்களை உருவாக்கும் முறையே அவர்களை நோயாளிகளாக்குகிறதோ என்று கேட்க வைக்கிறது.

மூன்றாவது, துணையின்மை. மாவட்ட மனநலத் திட்டத்தின் ஏட்டில் மனநல வைத்தியரோடு உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர், பதிவாளர் என்று ஒரு குழுவே உண்டு. ஆனால் இப்பதவிகள் பெரும்பாலும் ஒப்பந்த நியமனம். பழகிய சமூகப் பணியாளர் நிரந்தர உத்தியோகம் கிடைத்ததும் போய்விட்டால், நோயாளியின் வீடு தேடிச் சென்று, ‘இரண்டு மாதமாய் ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஆளில்லை. போதாததற்குக் காகித வேலை. நோயாளியின் சம்மதமில்லாமல் சேர்க்க நேரும்போது, பெண்களும் சிறுவரும் ஆனால் மூன்று நாளிலும், மற்றவர் ஆனால் ஏழு நாளிலும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மனிதரைக் கேட்பாரில்லாமல் அடைத்துவைத்த பழைய கொடுமைக்கு இது வேண்டிய வேலியே. வேலி போட்டவர்கள், அதற்கான காகிதத்தை எழுத ஒரு குமாஸ்தாவைக் கொடுத்திருந்தால் வைத்தியரின் கை நோயாளிக்கு மிச்சமாகியிருக்கும்.

பால்வெட்டுக்காரரும் கடலோடியும்

இவ்வளவு இருந்தும் இந்தத் துறையை விட்டுப் போகாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பிடித்து வைத்திருப்பது எது? குலசேகரத்துப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்வெட்டு வேலை பார்க்கிற ஒருவரை உதாரணமாகக் கற்பித்துக்கொள்வோம். காதில் குரல் கேட்கிறதென்று ஒரு வருஷம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர், மருந்தால் தெளிந்து மறுபடியும் வேலைக்குப் போகத் துணிகிறார். ரப்பர் மரத்தில் வெயில் ஏறுவதற்கு முன்பு வெட்டினால்தான் பால் நன்றாக ஊறி வடியும். ஆகவே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் இருட்டிலேயே தோட்டத்துக்குள் நுழைந்தாக வேண்டும். “இந்த மருந்தத் தின்னா காலம்பற எழும்பி வெட்டுக்குப் போவ ஒக்குமா டாக்டரே?” என்று அவர் கேட்கிறார். இரவு படுக்கும்போது போடச் சொல்லிப் புத்தகம் விதிக்கும் மாத்திரை, அவரை விடிந்த பின்னும் எழவிடாது. வேலை போகும், வேலை போகாதிருக்க அவர் மாத்திரையை நிறுத்துவார், நிறுத்தினால் மூன்றே மாதத்தில் குரல்கள் திரும்பிவிடலாம். அவருடைய தொழிலின் நாழிகையை அறிந்த வைத்தியர், மாத்திரையை அந்தி மயங்கும் வேளைக்கு மாற்றி, அளவையும் சிறிது சிறிதாகத் திருத்துகிறார். மூன்று மாதம் கழித்து மருந்து வாங்க அவருடைய அம்மை மட்டும் வருகிறாள். “மக்களே, அவன் இப்பம் நல்லா ஒறங்குகான், வெட்டுக்கும் போறான், இப்பந்தான் எனக்கும் ஒறக்கம் வருது” என்கிறாள். புத்தகத்தில் இல்லாத இந்தச் சிகிச்சையைத் தாமே யோசித்துக் கண்டுபிடித்த இளம் வைத்தியர், அன்று எண்பதாவது நோயாளியைப் பார்க்கும்போதும் முகம் சுளிக்கமாட்டார்.

மேற்குக் கடற்கரைக்குப் போனால் பிரச்னையின் உருவம் மாறுகிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் ஒரு தடவை படகேறினால் கரை திரும்ப வாரக்கணக்காகும். மாதத்துக்கொரு முறை வந்து மருந்து வாங்கிப்போக வேண்டுமென்ற ஆஸ்பத்திரி விதி அவருடைய கடல் நாட்காட்டியோடு ஒத்துப்போவதில்லை. மேலும், மனம் மேலேறிக் கீழிறங்கும் நோய்க்குக் கொடுக்கும் லித்தியம், உடம்பின் உப்பும் நீரும் குறைந்தால் ரத்தத்தில் மிகுந்து விஷமாகக்கூடிய மருந்து. வெயிலில் வியர்த்து, கடல் கொந்தளிக்கும்போது வாந்தியும் எடுக்கிற ஒருவருக்கு, ரத்தப் பரிசோதனைக்கு வசதியில்லாத நடுக்கடலில் அதைக் கொடுத்தனுப்பலாமா என்று வைத்தியர் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசிக்கத்தான் வேண்டும். சிலருக்கு மருந்தையே மாற்றுகிறார். வேறு நோய் உள்ளவர்களுள் சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரையில் பலன் நிற்கும் ஊசியைப் படகேறுமுன் போட்டுவிடுகிறார்.

அதே கரையில் 2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயல் பல குடும்பங்களில் உடலும் கிடைக்காத சாவை விட்டுச் சென்றது. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி முதலிய ஊர்களை அழித்தபோது அழுது அடக்கம் பண்ணவாவது பலருக்கு உடல் கிடைத்தது. கடலோடு போய்த் திரும்பாதவனின் மனைவிக்கு அந்த முடிவும் இல்லை. இத்தகைய நிச்சயமற்ற இழப்பைப் பற்றி அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார். இதை நோயென்று பெயரிட்டு மாத்திரை எழுதுவது எளிது, பொருந்தாது என்பது அவருடைய எழுத்துகளின் சாரம். ‘அவர் வருவாரா?’ என்ற கேள்விக்கு விடை சொல்ல வைத்தியரால் ஆகாது. ஆனால் அந்தக் கேள்வியை அவள் கேட்கக்கூடிய இடமாகத் தம் அறை இருக்கிறதென்பதும், போன மாதம் கேட்ட அதே வைத்தியரிடம் இந்த மாதமும் அவள் கேட்கலாமென்பதும் சாமானிய உதவியல்ல. வைத்தியர் மாறிவிட்டால் அவள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பலர் இரண்டாந்தரம் சொல்வதில்லை, வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

பேசப்படாத துக்கம்

இத்துறையின் மிகக் கனமான அனுபவம் ஒன்றுண்டு. அதைப் பற்றி வைத்தியர்கள் தம் வீட்டாரிடங்கூடப் பேசுவதில்லை. தாம் கவனித்து வந்த நோயாளி ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்ற செய்தியை, தம் தொழில் வாழ்க்கையில் ஏதேனும் ஒரு நாள் மனநல வைத்தியர் அநேகமாகக் கேட்டே தீருகிறார். 2022-ஆம் ஆண்டில் தமிழகத்தில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்றும், எண்ணிக்கையில் நம் மாநிலம் மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக இரண்டாமிடத்தில் இருக்கிறதென்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தருகிறது. இந்தத் தொகையைக் குறைக்கும் பொறுப்பைத் தலையில் சுமப்பவர் இருபத்தெட்டு, முப்பது வயதுக்காரர். மரணத்துக்குப் பின் அவரிடம் விளக்கம் கேட்கப்படும், பதிவேடுகள் சரிபார்க்கப்படும். ‘நீ எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்பவர் அரிது.

லண்டனில் 1950-களில் மைக்கேல் பாலிண்ட் என்ற வைத்தியர், பொது வைத்தியர்கள் சிலரை வாரந்தோறும் வட்டமாக உட்காரவைத்து, நோயைப் பற்றியல்ல, தம் மனத்தை உறுத்துகிற ஒரு நோயாளியைப் பற்றி ஒருவர் சொல்ல, மற்றவர்கள் குற்றம் காணாமல் கேட்டுப் பேசும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். 1957-ஆம் ஆண்டில் அதை நூலாகவும் எழுதினார். அதற்கு வேண்டியது ஓர் அறையும் ஒரு மணி நேரமும் விவேகமுள்ள மூத்தவர் ஒருவரும் மட்டுமே. ஆசாரிபள்ளத்துப் பேராசிரியர்களும், தாலுகாக்களில் தனியே அலைகிற வைத்தியரும், நாகர்கோவிலில் தனியாக வைத்தியம் செய்யும் மூத்தவர்களும் மாதத்துக்கு இரண்டு முறை இப்படிக் கூடுவதற்குச் சர்க்கார் உத்தரவுகூடத் தேவையில்லை. (மனத்துயர் மிகுந்த எவரும், வைத்தியர்கள் உட்பட, 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் எந்த வேளையிலும் பேசலாம்.)

செய்யக்கூடியவை

வைத்தியர்களின் சலிப்பைத் தீர்க்க அவர்களுக்கு யோகமும் தியானமும் கற்பிக்கலாமென்பது அண்மைக்கால வழக்கமாகியிருக்கிறது. நல்ல காரியந்தான், ஆனால் கூரை ஒழுகுகிறதென்று சொல்கிறவனுக்கு நனைவதைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியைத் தருவதால் கூரை சீராகிவிடாது. செய்ய வேண்டியவை வேறு. அவற்றில் பலவற்றுக்குப் பெரும் பொருட்செலவும் இல்லை.

ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் மனநல வெளிநோயாளர் நாளை ஏற்கிற வைத்தியர், குறைந்தது மூன்று வருஷமாவது அதே ஊரில் அதே கிழமையில் அமரும்படி நியமிக்கப்பட வேண்டும். மாற்றல் தவிர்க்க முடியாததானால், புதியவரும் பழையவரும் இரண்டு மாதம் ஒரே மேஜையில் சேர்ந்திருந்து நோயாளிகளைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். நிலையாகத் தேறியவர்களுக்கு இரண்டு, மூன்று மாத மருந்தை ஒருசேரக் கொடுத்தால், அதனால் மிச்சமாகும் நிமிஷங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பையனுக்குக் கிடைக்கும். சமூகப் பணியாளர், உளவியலாளர் பதவிகள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். அப்போது, வைத்தியர் போய்விட்டாலும் நோயாளியின் வீட்டை அறிந்தவர் ஒருவர் ஊரில் இருப்பார். வேலை நேர வரம்பு அமலாவதைக் கல்லூரி முதல்வரின் பொறுப்பாக்க வேண்டும். பட்டப்படிப்பில் மனநோய் இயலுக்குத் தனிப் பரீட்சை வைத்தால், இத்துறைக்கு வருகிறவர்கள் விபத்தாக அல்லாமல் விருப்பத்தால் வருவார்கள்.

இவற்றில் எதையும் வைத்தியருக்குச் செய்கிற சலுகையாகக் கருதலாகாது. இருதய வைத்தியர் மாறினாலும் இருதயம் அதே இருதயம். மனநல வைத்தியர் மாறினால் நோயாளி எவரிடம் நம்பிக்கை வைத்துப் பேசத் தொடங்கினாரோ, அவரை இழக்கிறார். இளம் வைத்தியரின் திருப்தியும் நோயாளியின் தேறுதலும் ஒரே காரணத்தால் உண்டாகி, ஒரே காரணத்தால் கெடுகின்றன என்பதால், ஒன்றைக் கவனியாமல் மற்றொன்றைப் பெற முடியாது. ஆதலின், மனநலப் பிரிவு வைத்தியரை இடம் மாற்றும் உத்தரவில் கையெழுத்திடப் போகும் அதிகாரி, காலியிடங்களின் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்பாக, அந்த வைத்தியரிடம் மாதந்தோறும் திரும்பி வருகிறவர்களின் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள பெயர்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.